அவதூறு, வசை, வீண்பழி, அம்பலப்படுத்தல்: எதற்கு எந்தச் சொல்?

கருவேலங்காடு (சிவகங்கை மாவட்டம்)

எங்கள் ஊராட்சியில் அக்டோபர் 2 கிராமசபைக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, ஊருணி தூர்வாரிய கணக்கை வாசிக்கச் சொன்னார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய நகல் அவர் கையில் இருந்தது. வேலை செய்ததாக எழுதப்பட்டிருந்த பெயர்களைப் படித்துக் காட்டி, இவர்களில் இருவர் அப்போது ஊரிலேயே இல்லை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார்கள் என்றார். அவர் பேசியது அவ்வளவுதான். யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: "ஊராட்சி நிர்வாகத்தின் மீது அவதூறு பரப்புவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்." நாளிதழின் மாவட்டப் பக்கமும் அதே சொல்லை எடுத்துக்கொண்டது. 'ஊராட்சி மீது அவதூறு: முதியவருக்கு எச்சரிக்கை.' இப்போது டீக்கடையில் அவரைப் பார்க்கிறவர்கள் "அவதூறு பேசினீர்களாமே" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கணக்கு சரியா தவறா என்ற கேள்வியை யாரும் தொடுவதில்லை.

அவர் செய்தது அவதூறு இல்லையென்றால் அதற்குத் தமிழில் என்ன பெயர்? வசை, ஏசல், பழி, கோள், புறங்கூறல், சாடல், தூற்றல் என்று இத்தனை சொற்கள் வைத்திருக்கிறோம். இவற்றுக்கிடையே வேறுபாடு இருக்கிறதா, அல்லது எல்லாம் ஒன்றுதானா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். எனக்கு இது அகராதிக் கேள்வி மட்டும் அன்று.

மெய்ப்புத்தாள் (மதுரை)

நாளிதழ் மேசையில் நெடுங்காலம் உதவி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மாவட்டப் பக்கச் செய்திகளில் பெரும்பகுதி காவல் நிலையத்திலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ வரும் குறிப்பிலிருந்து எழுதப்படுகிறது. குறிப்பில் 'அவதூறு பரப்பியதாக' என்று இருக்கும். பக்கத்தை முடிக்கும் அவசரத்தில் 'ஆக' கழன்றுவிடும், 'அவதூறு' மட்டும் தலைப்பில் ஏறிவிடும். அந்த 'ஆக'தான் அங்கே முக்கியம். புகார் கொடுத்தவருடைய சொல் எது, பத்திரிகையின் சொல் எது என்று பிரித்துக் காட்டுவது அந்த ஓர் அசை.

'அவதூறு' என்று எழுதிவிட்டால் சொன்னது பொய் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பொய் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 'உண்மையான அவதூறு' என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். உங்கள் ஊர்ப் பெரியவர் செய்தது 'கணக்குக் கேட்டார்' என்பதுதான். அதற்குமேல் வேண்டுமானால் 'முறைகேடு நடந்ததாகக் குற்றஞ்சாட்டினார்'. அதையும் தாண்டி, அவர் காட்டிய ஆவணம் சரியென்று தெரிந்தபிறகு 'அம்பலப்படுத்தினார்' என்று எழுதலாம். மூன்றும் மூன்று படி. முதல் படியில் நிற்கிற மனிதரை நாலாவதாக ஒரு பள்ளத்தில் தள்ளியிருக்கிறது அந்தத் தலைப்பு.

அரசியல் செய்திகளில் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. அங்கே வினைச்சொற்கள் எல்லாம் அடிதடியிலிருந்து வருகின்றன. 'கடும் தாக்கு', 'பாய்ச்சல்', 'விளாசல்', 'சாடல்'. இவற்றில் பல, ஒரு பத்தி அகலத்தில் அடங்கும் என்பதற்காகவே வாழ்கிற சொற்கள். சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் நிதிநிலை அறிக்கை பற்றி அமைதியாக மூன்று கேள்வி கேட்டிருப்பார், காலையில் 'அமைச்சர் மீது பாய்ச்சல்' என்று வந்திருக்கும். கேள்வி கேட்டவருக்கும் அது நியாயம் இல்லை, பதில் சொன்னவருக்கும் இல்லை.

கடைமடை (நாகப்பட்டினம் பக்கம்)

தூற்றல் பற்றி ஒன்று. களத்தில் பொலியைத் தூற்றியவர்களுக்குத் தெரியும். முறத்தில் அள்ளித் தலைக்குமேல் தூக்கிக் காற்றில் விடுவோம். நெல் காலடியில் விழும், பதரும் தூசும் காற்று போகிற பக்கம் எல்லாம் போகும். 'ஒருவரைத் தூற்றுகிறார்கள்' என்று சொல்லும்போது நம் ஆட்கள் மனத்தில் இருந்தது அந்தத் தூசுதான் என்று நினைக்கிறேன். எறிந்தவன் கையில் அது நிற்காது, யார் கண்ணில் விழுந்தது என்றும் அவனுக்குத் தெரியாது. ஆகையால் நாலு பேர் முன்னிலையில், பல வாய்க்குப் பரவும்படி செய்வதுதான் தூற்றல். தனியே கூப்பிட்டுத் திட்டினால் அது ஏச்சு. தூற்றல் ஆகாது.

செங்காந்தள் (திருநெல்வேலி)

கடைமடை ஐயா சொன்ன பரவல்தான் பழைய இலக்கியத்திலும் அளவுகோல். களவுக் காலத்தில், அதாவது மணத்துக்கு முன் மறைவாகக் காதலிக்கும் காலத்தில், ஊரார் பேசும் பேச்சுக்கு இரண்டு சொற்கள் வைத்தார்கள், அம்பல் என்றும் அலர் என்றும். இறையனார் களவியல் உரை இவற்றைப் பிரிக்கிறது. வெளிப்படச் சொல்லாமல், மொட்டு முகிழ்ப்பதுபோல் குறிப்பாகக் காட்டிக்கொள்வது அம்பல். இன்னாருக்கும் இன்னாருக்கும் இடையில் இன்னது என்று விளங்கச் சொல்லிவிட்டால் அலர். கௌவை என்பது அந்த ஊர்ப்பேச்சின் இரைச்சல். வள்ளுவர் 'ஊரவர் கௌவை எருவாக அன்னைசொல் நீராக நீளும்இந் நோய்' என்று அதையே காதலுக்கு உரமாக்கிவிட்டார்.

இந்த இழையில் எனக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று. அலர் எழுந்தால் இழப்பு பெரும்பாலும் தலைவிக்குத்தான். வீட்டில் அடைக்கப்படுபவள் அவள், தாயின் சொல்லைத் தாங்குபவள் அவள். இன்றும் நம் பேச்சு அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஆணைப் பற்றிப் பொய் பரப்பினால் 'அவர் பெயரைக் கெடுத்துவிட்டார்கள்' என்கிறோம். கெடுத்தவர்கள் வாக்கியத்தில் இருக்கிறார்கள். பெண்ணைப் பற்றிப் பரப்பினால் 'அவள் பெயர் கெட்டுப்போயிற்று' என்கிறோம். கெடுத்தவர் காணாமல் போகிறார். ஏதோ பால் தானே திரிந்துவிட்டதுபோல அந்தப் பெயர் தானாகக் கெட்டதாகிறது.

செய்தித்தாள்கள் இன்னும் எழுதுகிற 'மானபங்கம்' என்ற சொல்லையும் இங்கே சேர்க்கிறேன். ஓர் ஆண் செய்த குற்றத்தில் பங்கப்பட்டது பெண்ணின் மானம் என்று அந்தச் சொல் சொல்கிறது. இதற்கு மேல் பெரிய பழி இருக்கிறதா? குற்றம் பற்றிய செய்தியே பாதிக்கப்பட்டவளின் பெயரைக் கெடுக்கிறது.

மெய்ப்புத்தாள்

செங்காந்தள் அம்மா சொல்வது முழுக்கச் சரி. 'பாலியல் அத்துமீறல்', 'பாலியல் துன்புறுத்தல்' என்று எழுதுவதில் எந்தச் சிரமமும் இல்லை. பல பத்திரிகைகள் மாறிவிட்டன. மாறாதவை, பழைய தட்டச்சுப் பழக்கத்தால் மாறவில்லை என்பதே என் எண்ணம். அது மன்னிக்கத்தக்க காரணம் அன்று.

சட்டப்படி (சென்னை)

வழக்கறிஞராக இருக்கிறேன். கருவேலங்காடு கேட்டதற்குச் சட்டத்தின் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

2024 ஜூலை 1 வரை இந்திய தண்டனைச் சட்டம் 499, 500 பிரிவுகளாக இருந்தது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. இரண்டாண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது புதிதாகச் சேர்த்திருக்கும் சமூக சேவை. 1860இல் எழுதப்பட்ட பிரிவின் உடல் அப்படியே இருக்கிறது. பத்து விதிவிலக்குகளும் இருக்கின்றன.

அந்தப் பத்தில் மூன்றை ஊரில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதலாவது, சொன்னது உண்மையாக இருந்து பொதுநன்மைக்காகவும் இருந்தால் குற்றம் இல்லை. கவனியுங்கள், உண்மை மட்டும் போதாது, பொதுநன்மையும் வேண்டும். இரண்டாவது, பொது ஊழியர் தம் பொதுக் கடமையில் நடந்துகொண்ட விதம் பற்றி நல்லெண்ணத்துடன் கருத்துச் சொல்லலாம். எட்டாவது, அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்துடன் குற்றச்சாட்டு வைப்பது அவதூறு ஆகாது. ஆட்சியரிடம் மனுக் கொடுப்பது நேராக இதில் வரும்.

இன்னொன்று. 'ஊராட்சி நிர்வாகத்தின் மீது அவதூறு' என்ற அந்தப் பலகை வாசகமே தள்ளாடுகிறது. 1994இல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அரசும் உள்ளாட்சி அமைப்பும் ஆட்சி அதிகாரம் செலுத்தும் பிற அமைப்புகளும் தங்களை அவதூறு செய்ததாக இழப்பீட்டு வழக்குத் தொடுக்க முடியாது. நக்கீரன் இதழ் ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட முயன்றபோது எழுந்த வழக்கு அது. நம் மாநிலத்திலிருந்து போன வழக்கு, நம் ஊராட்சிகளுக்குத் தெரியவில்லை.

குற்றவியல் அவதூறில் காவல் துறை தானாக வழக்குப் பதிய முடியாது. பாதிக்கப்பட்டவர் நடுவர் நீதிமன்றத்தில் தனிப் புகார் கொடுக்க வேண்டும். 'காவல் நிலையத்தில் அவதூறு வழக்குப் போடுவோம்' என்று யாராவது மிரட்டினால், அந்த மிரட்டலுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று அமைதியாகச் சொல்லுங்கள்.

செய்தித்தாள்கள் 'அவதூறு வழக்கு' என்று எழுதுவது பொதுவாகக் குற்றவியல் புகாரை. 'மானநஷ்ட வழக்கு' என்பது பணம் கேட்கும் உரிமையியல் வழக்கு. இரண்டையும் கலந்து எழுதுவதால் மக்கள் குழம்புகிறார்கள்.

எழுகதிர் (ஈரோடு)

எல்லோரும் பேசுகிறவர் பக்கமே நின்று பேசுகிறீர்கள். பேசப்பட்டவர் பக்கத்திலிருந்து ஒருவர் பேச வேண்டும்.

என் தம்பி ஒரு பள்ளியில் ஆசிரியர். பிள்ளைகளிடம் பணம் வாங்கித் தேர்வில் மதிப்பெண் போடுகிறார் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார். ஒரே இரவில் ஊர் முழுவதும் போய்விட்டது. பள்ளி விசாரித்தது, மதிப்பெண் பட்டியல்களைச் சரிபார்த்தது, எதுவும் இல்லை என்று எழுத்தில் கொடுத்தது. எழுதியவர் தம் பதிவை அழித்துவிட்டுப் போய்விட்டார். என் தம்பி இன்னும் கடைவீதிக்குப் போவதில்லை. அவருடைய மகள் பள்ளி மாறிவிட்டாள்.

உண்மை பேசுகிறவர்களைக் காப்பாற்றச் சொற்களைத் தேடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 'அவதூறு என்ற சொல்லே அதிகாரத்தின் ஆயுதம்' என்ற திசையில் இந்த இழை போனால், என் தம்பிக்கு நேர்ந்ததைச் சொல்ல எனக்கு என்ன சொல் மிச்சம் இருக்கும்?

கடைமடை

அபாண்டம். உங்கள் தம்பிக்கு நேர்ந்ததற்குப் பெயர் அபாண்டம், எழுகதிர். எங்கள் பக்கத்தில் இதைவிடக் கடுமையான சொல் இல்லை. 'அபாண்டமாகப் பழி போட்டார்கள்' என்று சொன்னால் அடுத்த கேள்வியே வராது.

செங்காந்தள்

எழுகதிர் கேட்ட கேள்வியால் இந்த இழை சரியான இடத்துக்கு வந்திருக்கிறது. உங்கள் தம்பிக்காக வருந்துகிறேன்.

வீண்பழி, அபாண்டம் ஆகிய இரண்டும் பொய் என்று தெரிந்தபிறகு சொல்பவை. பழி என்ற வேர்ச்சொல் மட்டும் உண்மை பொய் பற்றி எதுவும் சொல்வதில்லை. 'கொலைப்பழி' என்றால் செய்தவன் மேலும் இருக்கலாம், செய்யாதவன் மேலும் இருக்கலாம். பழி போட்டார்கள், சுமத்தினார்கள், ஏற்றார், துடைத்தார் என்று அதனுடன் சேரும் வினைகள் எல்லாம் சுமையின் வினைகள். யார் தூக்கி யார் முதுகில் வைத்தார் என்பது அவற்றில் தெரிகிறது. அதனால் 'பெயர் கெட்டது' என்பதைவிடப் 'பழி சுமத்தினார்கள்' எவ்வளவோ நேர்மையான தொடர்.

வள்ளுவர் புறங்கூறாமையில் 'கண்ணின்று கண்ணறச் சொல்லினும் சொல்லற்க முன்னின்று பின்நோக்காச் சொல்' என்கிறார். முகத்துக்கு நேரே இரக்கமின்றிச் சொன்னாலும் சொல், ஆள் இல்லாத இடத்தில் பின்விளைவு பாராமல் சொல்லாதே. எவ்வளவு கடுமையாகச் சொன்னாய் என்பதைவிட எதிரே அவர் பதில் சொல்ல இடம் இருந்ததா என்பதுதான் அங்கே அளவு. கிராமசபையில் பேசிய பெரியவருக்கும் பெற்றோர் குழுவில் எழுதியவருக்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் குறள் ஒரு நொடியில் காட்டிவிடுகிறது. முதலாமவர் ஊராட்சித் தலைவர் எதிரே உட்கார்ந்திருக்க, ஆவணத்தை வைத்துக்கொண்டு கேட்டார். இரண்டாமவர், ஆசிரியர் உறுப்பினராக இல்லாத குழுவில் எழுதினார்.

வடமராட்சி (யாழ்ப்பாணம்)

எங்கள் பக்கத்துச் செய்தித்தாள்களில் அடிக்கடி காணும் தொடர் 'சேறு பூசுதல்'. தேர்தல் காலத்தில் ஒவ்வொரு நாளும் வரும். கடைமடை ஐயாவின் தூசு காற்றில் போய்விடும், சேறு ஒட்டிக்கொள்ளும்.

இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டத்தை 2002இல் நீக்கிவிட்டார்கள். பத்திரிகையாளர்கள் நீண்டகாலம் போராடிப் பெற்றது அது. ஆனால் 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இணையத்தில் பொய்யான கூற்று என்ற பெயரில் அதே கதவை வேறு பக்கத்தால் திறந்துவிட்டது என்பது இங்கே பலருடைய கவலை.

சட்டத்தை விடுங்கள். எங்களுக்குச் சொல்லின் கனம் வேறு வழியில் தெரியும். 'துரோகி' என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். 1970களில் அது மேடைச் சொல்லாக இருந்தது. 1975 ஜூலை 27 அன்று யாழ்ப்பாண மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவிலுக்குப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே அந்தச் சொல் அவர் மேல் வீழ்ந்திருந்தது. எண்பதுகளில் மின்கம்பங்களில் கட்டப்பட்ட உடல்களில் குற்றத்தை எழுதிய அட்டை தொங்கும். விசாரணை எங்கே நடந்தது, யார் சாட்சி, என்ன மறுமொழி என்று எவரும் கேட்க முடியாது. எழுதி மாட்டிவிட்டால் முடிந்தது. அந்தக் குடும்பங்கள் இன்றும் இங்கே வாழ்கின்றன, பலர் தங்கள் தகப்பனின் பெயரைச் சொல்லும்போது இப்போதும் குரலைத் தாழ்த்துகிறார்கள்.

ஆகவே 'வெறும் சொல்தானே' என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள இயலாது.

கருவேலங்காடு

வடமராட்சி அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எழுதியதற்கு நன்றி.

மெய்ப்புத்தாள்

தமிழ்நாட்டிலும் சொல்லால் தொடங்கிக் கொலையில் முடிந்த ஒரு வரலாறு இருக்கிறது. 1943இல் சி. என். லட்சுமிகாந்தன் 'சினிமா தூது' என்ற இதழைத் தொடங்கினார். நடிகர் நடிகையரின் அந்தரங்கம் என்று சொல்லிக்கொண்டு எதையும் எழுதினார். திரைத்துறையினர் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட, இதழின் உரிமம் ரத்தானது. அவர் 'இந்து நேசன்' என்ற இதழைக் கைக்கொண்டு மறுபடி எழுதினார். பணம் கொடுத்தவர்களைப் பற்றி எழுதமாட்டார் என்பது அன்று ஊரறிந்த பேச்சு. 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார்.

எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945இல் தண்டனை, லண்டன் பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு, 1947இல் விடுதலை. கிருஷ்ணன் மீண்டும் எழுந்தார். பாகவதருக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவேயில்லை. நீதிமன்றம் விடுவித்த பிறகும் விடாத ஒன்று இருந்தது. எழுகதிர் தம் தம்பியைப் பற்றிச் சொன்னபோது எனக்குப் பாகவதர்தான் நினைவுக்கு வந்தார்.

'மஞ்சள் பத்திரிகை' என்ற தொடரைப் பயன்படுத்தும் போதெல்லாம் இன்றும் மூத்த பத்திரிகையாளர்கள் லட்சுமிகாந்தன் பெயரைச் சொல்வார்கள்.

தெற்குரதவீதி (சிதம்பரம்)

வசையை முழுவதும் இழிந்ததாக எண்ணிவிடாதீர்கள். தமிழில் அதற்கு இலக்கணமே இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகச் சொன்னால் 'செம்பொருள் ஆயின வசையெனப் படுமே'. மறைத்துச் சொன்னால் பழிகரப்பு. புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, இங்கே வேல்கள் நெய் பூசி மயிற்பீலி அணிந்து அழகாக இருக்கின்றன, அதியமானுடையவையோ போரில் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடினாரே, அதைப் பழிகரப்பின் உச்சம் என்பேன். புகழ்வதுபோல் ஒரு சொல், கேட்கிறவனுக்குள் போய்த் தைக்கும்.

'வசைபாடக் காளமேகம்' என்ற தொடரும் பாராட்டாகத்தான் சொல்லப்பட்டது. விகடராமன் என்பவருடைய குதிரையை முன்னே மூன்று பேர் இழுக்கப் பின்னே இரண்டு பேர் தள்ள, மாதத்தில் ஒரு காதம் போகும் என்று பாடிவிட்டார். அந்த விகடராமனைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் குதிரை ஒன்றுதான்.

எங்கள் ஊரில் 1869 என்றால் பெரியவர்கள் இன்றும் ஒரு வழக்கைச் சொல்வார்கள். இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா கூடாதா என்று எழுந்த சண்டையில் ஆறுமுக நாவலர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் சென்றார். அதோடு நிற்கவில்லை. கண்டன நூல்களும் மறுப்பு நூல்களும் அடுத்த நூற்றாண்டு வரை வந்துகொண்டேயிருந்தன. 1904இல் நாவலர் தரப்பில் நின்ற நா. கதிரைவேற்பிள்ளை மீது சென்னையில் வழக்கு. அவருடைய மாணவர் திரு.வி.க. அதில் சாட்சி சொல்லப் போய்த் தம் பள்ளி இறுதித் தேர்வையே எழுத முடியாமல் போனார். அந்தத் துண்டுப் பிரசுரங்களில் இருந்த மொழியை இன்று யாரும் அச்சிடத் துணியமாட்டார்கள். ஆனாலும் இரு தரப்பும் ஒருவருக்கொருவர் அச்சில் பதில் எழுதினார்கள்.

சட்டப்படி

தெற்குரதவீதி ஐயா சொன்ன பழிகரப்புக்குச் சட்டத்தில் நேராக இடம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பழைய 499ஆம் பிரிவின் மூன்றாம் விளக்கம்: குத்தலாக, புகழ்வதுபோல் இகழ்ந்து சொன்னாலும் அவதூறு ஆகலாம். 'இன்னார் மிகவும் நேர்மையானவர், அந்தக் கடிகாரத்தை அவர் திருடவேயில்லை' என்று, அவர்தான் திருடினார் என்று மற்றவர்கள் நினைக்கும்படி சொன்னால் அது அவதூறே என்று எடுத்துக்காட்டும் கொடுத்திருக்கிறார்கள். தொல்காப்பியரின் செம்பொருளையும் கரந்த பொருளையும் சட்டம் ஒரே தட்டில் வைத்துவிட்டது.

நான்காம் விளக்கத்தையும் சொல்ல வேண்டும். எதைத் தாழ்த்தினால் பெயர் கெட்டதாகும் என்று அதில் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள்: ஒழுக்கம், அறிவு, நாணயம், தொழில், கூடவே சாதி. 1860இல் எழுதிய அந்தச் சொல் இன்னும் அங்கே இருக்கிறது. நற்பெயர் என்பதைச் சாதியோடு சேர்த்துப் பார்த்த காலத்தின் தடம் அது. புதிய சட்டம் எழுதியபோது எடுத்திருக்கலாம்.

இந்தப் பிரிவு செல்லும் என்று 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் தீர்ப்பளித்தது. நற்பெயரும் வாழ்வுரிமையின் பகுதி என்பது அதன் அடிப்படை. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயருக்கு இழப்பீடு கேட்க உரிமையியல் நீதிமன்றம் இருக்கும்போது சிறை எதற்கு? நம் மாநிலத்தில் அந்தப் பிரிவு எப்படிப் பயன்பட்டது என்று பாருங்கள். அரசு வழக்கறிஞர் வழியாக ஆட்சியாளர்கள் பத்திரிகைகள் மீது தொடுத்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நின்றன. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி அப்துல் குத்தூஸ் அவற்றில் ஒரு தொகுப்பையே ரத்து செய்தார்.

செங்காந்தள் அம்மா சொன்ன பெண்கள் விஷயத்துக்கு 2021 பிப்ரவரி 17 தீர்ப்பை நினைவூட்டுகிறேன். பத்திரிகையாளர் பிரியா ரமணி, தமக்கு நேர்ந்த பாலியல் துன்புறுத்தலை வெளியே சொன்னதற்காக முன்னாள் மத்திய அமைச்சர் எம். ஜே. அக்பர் தொடுத்த அவதூறு வழக்கில் டெல்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒருவரின் நற்பெயரைக் காக்க ஒரு பெண்ணின் கண்ணியத்தை விலையாகக் கொடுக்க முடியாது என்பது அதன் சாரம்.

சிராங்கூன் (சிங்கப்பூர்)

சிறை வேண்டாம், இழப்பீடு போதும் என்று சட்டப்படி அவர்கள் சொல்வது எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜே. பி. ஜெயரத்தினம் இங்கே எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர். அவருடைய பாட்டாளிக் கட்சியின் இதழில் 1995இல் தமிழில் ஒரு கட்டுரை வந்தது. தமிழ்மொழி வாரம் நடத்தியவர்களைக் குறைகூறிய கட்டுரை. எழுதியவர் அவர் அல்லர், அவர் இதழின் ஆசிரியர். மானநஷ்ட வழக்கில் தோற்றார், தவணைத் தொகை கட்டமுடியாமல் 2001இல் நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டார், நாடாளுமன்ற இடமும் போயிற்று. ஒரு சில பத்தித் தமிழ் எழுத்துக்கு ஓர் அரசியல் வாழ்வு விலையாயிற்று. சிறைக்குப் போகாமலேயே ஒரு மனிதரை வாயடைக்கச் செய்யப் பணம் போதும்.

சட்டப்படி

ஒப்புக்கொள்ள வேண்டிய வாதம், சிராங்கூன். இழப்பீட்டுத் தொகைக்கு ஒரு வரம்பும், பொது விவகாரம் பற்றிய பேச்சுக்குக் கூடுதல் காப்பும் இருந்தால்தான் உரிமையியல் வழி நியாயமாகும்.

எழுகதிர்

எல்லோருக்கும் நன்றி. 'அபாண்டம்' என்று கடைமடை ஐயா சொன்னதைத் தம்பியிடம் காட்டினேன். அவர் இப்போது ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கிறார். பதிவு அழிக்கப்பட்டுவிட்டது. சிலர் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். சம்பவம் நடந்து எட்டு மாதம் ஆகிறது.

சட்டப்படி

செய்ய முடியும், ஆனால் தாமதிக்காதீர்கள். உரிமையியல் வழக்குக்கு ஓராண்டுதான் காலவரம்பு, ஏறக்குறைய நான்கு மாதம் இருக்கிறது. குற்றவியல் புகாருக்கு மூன்றாண்டு.

படம் பிடித்து வைத்திருப்பவர்கள் அதை அந்தக் கைப்பேசியிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். மின்னணுச் சாட்சியத்தோடு சான்றிதழ் இணைக்க வேண்டும், முன்பு இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு என்று சொன்னது இப்போது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு. பள்ளி எழுத்தில் கொடுத்த விசாரணை முடிவு உங்கள் கையில் இருக்கும் மிக வலுவான தாள், அதன் சான்றிட்ட நகல் வாங்குங்கள். முதலில் எழுதியவர் மட்டும் அல்லர், தெரிந்தே வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்களும் சட்டத்தின் பார்வையில் வெளியிட்டவர்கள்.

வழக்குக்கு முன் அறிவிப்புக் கடிதம் ஒன்று அனுப்புங்கள். அதில் தொகையைக் கேட்பதற்கு முன், அதே குழுவில் மறுப்பும் வருத்தமும் எழுதும்படி கேளுங்கள். உங்கள் தம்பி கடைவீதிக்குப் போக வேண்டும் என்றால் அந்த மறுப்பு அதே ஆட்களின் கைப்பேசிக்குப் போய்ச் சேர வேண்டும். ஈரோட்டிலேயே நல்ல வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், இந்த வாரமே ஒருவரைப் பாருங்கள்.